நாற்றங்காலில் கிடந்த கல்

காலை ஆறே கால் மணி. முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. முழங்கை வரை சேறு பூசிய கை வானத்தைப் பார்த்து நின்றது. சுட்டுவிரலிலிருந்து ரத்தம் சேற்றின் மேல் கோடு இழுத்துக்கொண்டு இறங்கியது. நாற்றுப் பறிக்க வந்த பெண்களில் ஒருத்தியின் கை. மற்றவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து, வரப்பில் நின்ற அப்பாவிடம் சொன்னாள்: "ஐயா, நாத்தங்கால்ல கண்ணாடி கெடக்கு."

நேரத்தை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். தஞ்சாவூர் போகும் முதல் பஸ் அப்போதுதான் பாலத்தின் மேல் ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஊரில் கடிகாரம் வைத்திருந்தவர்கள் முள்ளைத் திருத்துவார்கள். நான் அப்பாவுக்குக் காபி கொண்டுபோயிருந்தேன். தூக்குவாளியின் மூடியைத் திருகும்போது அந்தக் கை உயர்ந்தது. ஆனி மாதம், குறுவை நடவு தொடங்கிய நாள்.

அது கண்ணாடி இல்லை. கல்.

என் வயதுக்காரர்களில் வலங்கைமான் பக்கமோ அதற்குக் கிழக்கிலோ பிறந்தவர்களுக்கு அடுத்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மண்ணில் கல் கிடையாது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். ஆள் உயரம் தோண்டினாலும் களிமண், அதற்குக் கீழே மணல். நாயை விரட்ட நாங்கள் மண்ணாங்கட்டியைத்தான் எடுப்போம். அம்மி, ஆட்டுக்கல், கோயில் படி எல்லாம் வெளியூரிலிருந்து வண்டி ஏறி வந்தவை. அதனால் வயலில் ஒரு கல் கிடந்தால் இது என்ன கல் என்று எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். யார் போட்டது என்றுதான் கேட்பார்கள்.

அப்பா அதை வாங்கி வாய்க்காலில் அலம்பினார். எலுமிச்சம்பழம் அளவு. ஓரம் ஒரு பக்கம் மட்டும் உடைந்து கத்தி போல இருந்தது. விரலைக் கிழித்தது அதுதான். மற்றப் பக்கங்களெல்லாம் தேய்ந்து, உப்புப் பூத்ததுபோல வெளிறியிருந்தன. தண்ணீருக்குள் போனதும் அந்த வெளிறல் மறைந்துவிட்டது. கல் கல்லாகவே இல்லை. உறைந்த தண்ணீர் போலத் தெரிந்தது. உள்ளே முடி இருந்தது. நேராக, மெல்லியதாக, செம்பொன் நிறத்தில், ஒரு கொத்து. சில தனித்தனியாகக் குறுக்கே ஓடின.

நாற்றுப் பறித்த பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"முடி ஐயா. பொம்பள முடி."

அப்பா கல்லை வெளியே எடுத்து வெயிலில் பிடித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. வெளிறல் திரும்பி வந்தது. முடியைக் காணோம்.

"பாத்தியளா, ஒளிஞ்சிக்கிச்சு!"

இன்றைக்கு அதற்கு விளக்கம் எளிது. தேய்ந்த கண்ணாடியில் தண்ணீர் பட்டால் உள்ளே தெரியும், காய்ந்தால் தெரியாது. அன்றைக்கு அந்த வரப்பில் நின்றவர்களுக்கு அது தன்னை மறைக்கத் தெரிந்த பொருள். அது கிடந்த மூலையில் நாற்று பத்து நாளாகவே மஞ்சள் பூத்து நின்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது யாரைக் கேட்டாலும் துத்தநாகச் சத்துக் குறை என்பார்கள். அப்போது அப்படி ஒரு சொல் எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை.

வீட்டில் சாவிக்கொத்து அத்தையின் இடுப்பில் இருந்தது. அப்பாவின் அக்கா. கணவர் இறந்த பிறகு எங்களோடு இருந்தவள். கல்லை வீட்டுக்குள் விடவில்லை. மாட்டுக்கொட்டகையில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, வேப்பிலை போட்டு, அதில் இறக்கினாள். நாங்கள் மூன்று பேர் அதைத் தண்ணீருக்குள் பார்த்தோம்: அத்தை, அப்பா, நான். அம்மா கிட்டே வரவில்லை. அம்மாவுக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம்.

"செய்வினைடா தம்பி. யாரோ வெச்சிருக்கா."

"சும்மா இரு, அக்கா. கல்லுல என்ன செய்வினை?" என்றார் அப்பா.

இந்த வாக்கியத்தை மறக்காதீர்கள். அப்பா பேய், பில்லி, குறி எதையும் நம்பியவர் இல்லை. கோடாங்கிக்காரனை வாசலிலேயே கிண்டல் பண்ணி அனுப்புகிறவர்.

சித்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தத் தை மாதம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ. லீவு தீர்ந்ததும் போய்விட்டார். சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுடைய ஊர் தஞ்சாவூருக்கு மேற்கே, வல்லம் பக்கத்துச் செம்மண் மேடு. கடலையும் முந்திரியும் விளைகிற இடம். எங்கள் பக்கத்தில் அந்த ஊர்க்காரர்களை மேட்டார் என்பார்கள். அந்தச் சொல்லில் மரியாதை இருக்காது. சித்திக்குச் செம்பட்டை முடி. அத்தை அதை முதல் நாளே கவனித்துச் சொல்லிவிட்டாள்: "எண்ணெயே காட்டாத தலை."

அத்தை கல்லைத் துடைத்து, ஒரு துணியில் வைத்து, கொட்டகை வாசலுக்குக் கொண்டுவந்து சித்தியிடம் காட்டினாள். காய்ந்த கல்.

"இது என்னன்னு தெரியுதா?"

"அட, இது எங்க ஊர்க் கல்லுங்க அண்ணி!" சித்தியின் முகம் மலர்ந்தது. ஊரை விட்டு வந்த பிறகு ஊர்ப் பொருள் ஒன்றை அவள் முதன்முதலாகப் பார்க்கிறாள். "மழ பேஞ்சு விட்டா மேட்டுல பளபளன்னு கெடக்கும். மூக்குக் கண்ணாடிக்கு அறுப்பாங்கல்ல, அந்தக் கல்லு. சின்னப் புள்ளைல மடி நெறயாப் பொறுக்குவோம்."

"ஓ. ஒங்க ஊர்க் கல்லு."

"ஆமாங்க அண்ணி."

"அதுல முடி இருக்குமா?"

"முடியா?" சித்தி சிரித்துவிட்டாள். "கல்லுல முடி எங்க இருக்கும்? நான் பாத்ததில்லீங்க."

பிறகு என் வேலையில் நான் நிறைய சாட்சிகளிடம் பேசியிருக்கிறேன். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் இவ்வளவு சுத்தமாகச் சொன்ன சாட்சி அபூர்வம். இரண்டுமே அவளுக்கு எதிராகப் போயின. அவள் ஊர்க் கல் என்பதை அவளே ஒப்புக்கொண்டாள். அவள் ஊர்க் கல்லில் முடி இருக்காது என்பதையும் அவளே சொன்னாள். அப்படியானால் முடியை உள்ளே வைத்தது யார்?

"கல்லுக்குள்ள முடி எப்படிடி போவும்?" அந்த வாரம் முழுக்க அத்தை இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவிடம், பால்காரரிடம், மாட்டிடம்.

எங்கள் வீட்டுப் பெண்கள் தலை வாரி உதிர்ந்த முடியை உருட்டி, கொல்லைச் சுவரில் உள்ள பொந்தில் செருகி வைப்பார்கள். கண்ட இடத்தில் போடக் கூடாது. சவுரிக்கு முடி வாங்குகிற ஒருவர் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். ஈயக் கிண்ணம், ஊக்கு, ரிப்பன் ஏதாவது கொடுத்து எடுத்துப் போவார். அத்தை போய்ப் பொந்தில் கையை விட்டாள். கறுப்பு உருண்டைகள் இருந்தன, வெள்ளை இருந்தது. செம்பட்டை இல்லை.

"ஒன் முடி எங்க போச்சு?"

"போன வாட்டியே போட்டுட்டேங்க அண்ணி. பாப்பாவுக்கு ரிப்பன் வாங்கிக் குடுத்தேனே."

அந்த ரிப்பன் அப்போது என் தலையில் இருந்தது. கிளிப்பச்சை, ஓரத்தில் வெள்ளிக் கம்பி. அத்தை அதை அவிழ்த்த வேகத்தில் நாலு முடி சேர்ந்து வந்தது. அடுப்பில் போட்டாள். துணி எரிகிற வாசனை வரவில்லை. கொம்பு தீய்ந்தது போல ஒரு நாற்றம் வந்தது. நைலானாக இருந்திருக்க வேண்டும். அத்தைக்கு அந்த நாற்றமும் ஒரு சாட்சி ஆயிற்று.

சித்தி அன்று சாப்பிடவில்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் அத்தை குரல் கொடுத்தாள்: "வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு அங்க என்னடி வேல?" அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் வரிசையில் வைக்க வேண்டும். சித்திரை மாதம். பகல் சாப்பாட்டு நேரம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தி மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "மச்சான், அவங்க பங்கு எதுங்க? பெரிய வாய்க்கா ஓரமா இருக்கே, அதுங்களா? அடுத்த லீவுக்கு வந்ததும் தனியா ஒரு ஓட்டு வீடு போடலாம்னு சொல்லிட்டுப் போனாங்க."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன் வரட்டும்மா, பேசிக்கலாம்" என்றார். அத்தை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை இழுத்துச் செருகிக்கொண்டாள். நிலத்தின் பட்டா அப்போது தாத்தா பேரில் இருந்தது, பாகம் பிரியவில்லை. பெரிய வாய்க்கால் ஓரத்து நிலம்தான் முதல் தண்ணீர் பாய்கிற நிலம்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் சித்தியின் அண்ணன் வந்தார். எனக்கு மாமா முறை. புதுப்பெண்ணை ஆடி மாதத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். தூக்குப்பையில் முந்திரிப்பருப்பு, ஒரு பலாப்பழம், புதுச் சேலை. வாசலில் காலை வைத்ததுமே முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சித்தி ஓடிவந்து அழுதாள்.

"என்னக்கா இது? கல்லுக்கா இவ்வளவும்?" என்றார் அத்தையிடம். "கல்லக் காட்டுங்க, பாக்கறேன்."

"கட்டியாச்சு. பூசாரி மஞ்சத் துணில கட்டி மந்திரிச்சுக் குடுத்துட்டாரு. கடல்ல சேக்கற வரைக்கும் அவுக்கக் கூடாது."

"பாக்காம எப்படிக்கா நான் பதில் சொல்றது?"

"நாங்க பாத்தோம்ல?"

மாமா வாசலுக்கு வெளியே பார்த்தார். எங்கள் தெருவுக்கு அந்த மாசி மாதம்தான் பஞ்சாயத்தில் கிராவல் ரோடு போட்டிருந்தார்கள். ஊர் முழுக்கக் கறுப்பு மண்ணாக இருக்க, தெரு மட்டும் சிவப்பாகக் கிடந்தது. எங்கள் பாதங்களும் சிவப்பு. தெருப் பையன்கள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் கல் கிடைத்த சந்தோஷத்தில் கொக்கு, ஓணான், மாங்காய் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நாற்றங்கால் தெருவை ஒட்டியே இருந்தது.

"இந்த கிராவல் எங்க மேட்டு மண்ணுல்ல!" என்றார் மாமா. "இதுல வந்திருக்கும் அந்தக் கல்லு. எவனாவது கொக்கடிச்சு உள்ள போட்டிருப்பான். மச்சான், இது எங்கேர்ந்து அடிச்ச லோடு?"

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கான்ட்ராக்டருக்குத்தான் தெரியும் மாப்ள. நம்ம என்னத்தக் கண்டோம்."

அம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற சத்தம் நின்றது. சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டது.

மாசியில் அப்பா கிராவல் லாரியில் ஏறிக் குவாரிக்கே போய் வந்தவர். பஞ்சாயத்து மெம்பர் அவர். லோடைப் பார்த்து வாங்குவது அவர் பொறுப்பு. திரும்பி வந்த அன்று வேட்டி முழுக்கச் செம்மண். அம்மா எத்தனை தடவை துவைத்தும் போகாமல், கடைசியில் அந்த வேட்டி மாட்டுக்கொட்டகைக்குப் போயிற்று. வல்லத்தில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டதையும், அந்த ஊர் வெயிலையும் அவர் அம்மாவிடமும் என்னிடமும் இரண்டு நாள் பேசினார். சித்தப்பாவும் சித்தியும் அந்த வாரம் விருந்துக்கு வெளியூர் போயிருந்தார்கள்.

"அப்படி கிராவல்ல வந்ததுன்னா, அதே மாதிரி ஒண்ணு எடுத்துக் காட்டுங்க," என்றாள் அத்தை. "முடியோட."

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் உட்கார்ந்தார். வெயில் ஏறியிருந்தது. தெருவின் ஒரு முனையிலிருந்து கையால் கிராவலைக் கிளறிக்கொண்டே நகர்ந்தார். முதலில் வேடிக்கை பார்த்த பிள்ளைகள் பிறகு அவரோடு சேர்ந்து கிளறினார்கள். நானும். கிராவல் தூசிக்கு ஒரு வாசனை உண்டு, சூடான ஓட்டின் மேல் தண்ணீர் தெளித்தது போல. ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் முக்கிப் பார்த்தார். பால் போல வெளுத்த கல் கிடைத்தது. தெள்ளத்தெளிவான கல் மூன்றோ நான்கோ கிடைத்தது. கொஞ்சம் புகை படிந்தது போல ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன தம்பி, வைரம் தேடுறியளா?" மாமா அடுத்த கல்லைச் சொம்பில் முக்கினார்.

சாயங்காலம் அவர் உள்ளங்கையில் கற்களை ஏந்திக்கொண்டு வந்தார். விரல் நகமெல்லாம் சிவப்பு.

"பாருங்கக்கா. இதே கல்லுதானே?"

அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"கல்லு இதேதான். முடி எங்க?"

"முடின்னு ஒண்ணு நெஜமா இருந்தாத்தானேக்கா?"

"அப்ப நாங்க பொய் சொல்றோம்கிறியளா?"

அப்பா அப்போதும் அங்கேதான் இருந்தார்.

கொஞ்ச வருஷம் முன்னால் சென்னையில் ஒரு ஓட்டல் ஹாலில் கற்கள் விற்றார்கள். தோழி ஒருத்தி மணிமாலை வாங்கக் கூட்டிப் போனாள். ஒரு மேசையில் பளிங்குக் கற்களைக் கீழிருந்து விளக்குப் போட்டு அடுக்கியிருந்தார்கள். உள்ளே கறுப்பு ஊசி குத்தியது ஒன்று. பாசி வளர்ந்தது போலப் பச்சை படர்ந்தது ஒன்று. ஒரு சொட்டுத் தண்ணீர் அடைபட்டு, சாய்த்தால் குமிழி ஓடியது இன்னொன்று. கல்லுக்குள் அதே கல்லின் சின்ன உருவம் நிழலாக நின்றதும் இருந்தது. அதற்குப் பேய்க்கல் என்று அர்த்தம் வரும்படி ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், செம்பொன் முடி. எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது.

விற்றுக்கொண்டிருந்த பையன் சொன்னான்: "கிளியர் பீஸ யாரும் கேக்க மாட்டாங்க மேடம். உள்ள ஏதாவது இருந்தாத்தான் கலெக்டர்ஸ் எடுப்பாங்க."

"முடி எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டேன். அத்தையின் கேள்வி அப்படியே வாயில் வந்தது.

"போகல மேடம். அது மொதல்லயே இருந்துச்சு. கல்லு அப்புறம் வந்து மூடிச்சு."

விற்கிறவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது என் வழக்கமில்லை. புத்தகங்களைப் பார்த்தேன், நிலவியல் பாடம் நடத்திய ஒருவரைக் கேட்டேன். பெரும்பாலும் சரிதான். பூமிக்கு அடியில், பாறை வெடிப்புகளில், மிகுந்த அழுத்தத்தில், அடுப்பில் கொதிக்கிற தண்ணீரைவிடப் பல மடங்கு சூடான நீர் ஓடுகிறது. பாறையிலிருந்து அது பல பொருள்களைக் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. சூடு குறையக் குறைய ஒவ்வொன்றாகப் படிகிறது. டைட்டானியம் கலந்த ரூட்டைல் என்ற தாது வெடிப்பின் சுவரில் ஊசி ஊசியாக வளர்கிறது. முடி போலத் தெரிவது அதுதான். பிறகு, மணலில் இருக்கிற அதே பொருள் அந்த நீரிலிருந்து பிரிந்து, ஊசிகளைச் சுற்றி மெதுவாகப் படிந்து பளிங்காகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் வளர்வதும் உண்டு. சில சமயம் பளிங்கு பாதியில் வளர்வதை நிறுத்திவிடும். அதன் மேல் பச்சைத் தூசி படியும். மறுபடி வளரத் தொடங்கினால் பழைய உருவம் உள்ளே நிழலாக நின்றுவிடும். பேய்க்கல் அதுதான். பாறை காலப்போக்கில் சிதைந்து, ஏதோ ஒரு பழைய ஆறு உடைந்த துண்டுகளை உருட்டித் தேய்த்துக் கொண்டுவந்து மேட்டில் போட்டால் அதுதான் கிராவலில் வருகிற கல். தெளிந்த கல் நிறையக் கிடைக்கும். முடிக்கல் ஒன்று கிடைத்த இடத்தில் இன்னொன்று கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. விலையே அதற்குத்தான்.

ஆகவே மாமா அந்தத் தெருவை எத்தனை நாள் கிளறியிருந்தாலும் அத்தை கேட்டதைக் காட்டியிருக்க முடியாது.

மறுநாள் காலை சித்தி கிளம்பினாள். தகரப் பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். மூடியில் ரோஜாப்பூ வரைந்த பெட்டி. பெட்டி இருந்தால் திரும்பி வருவதாக அர்த்தம். அம்மா குங்குமம் கொடுத்தாள். அப்பா வாசல் வரை வந்து, "ஆவணில வந்து அழைச்சிக்கிறோம்" என்றார். மாமா, "சரிங்க மச்சான்" என்றார்.

ஆடி அமாவாசைக்கு அத்தை பூம்புகாருக்குப் போனாள். என்னையும் கூட்டிப் போனாள். மாயவரத்தில் பஸ் மாறி, கால் வைக்க இடமில்லாத கூட்டம். காவிரி கடலில் கலக்கிற இடத்தில் தலை முழுகுகிறவர்கள், எள்ளும் தண்ணியும் விடுகிறவர்கள். அத்தை முழுகிவிட்டு, ஈரச் சேலையோடு மீன்காரர் ஒருவரைப் பிடித்தாள். கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சி, சாம்பலா?"

"இல்ல. கல்லு."

"கல்லப் போடவா கடலுக்கு வந்தீங்க? ஒங்க ஊர்ல வாய்க்கா இல்லயா?"

"வாய்க்கால்ல போட்டா வயலுக்குத் திரும்பி வந்துடும். அலைக்கு அந்தாண்ட போயிப் போடணும்."

அவர் மூட்டையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். முகம் மாறியது. "உள்ள நகை கிகை இருந்து போலீசு வந்தா யாரப் புடிப்பான்?" அத்தை வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் முடிச்சை அவிழ்த்துவிட்டார். ஈரக் கையில் கல் தெளிந்தது. அவர் அதைச் சூரியனுக்கு நேரே தூக்கினார்.

"நல்லாத்தானே இருக்கு," என்றார்.

பிறகு அலையைத் தாண்டிப் போனார். அத்தை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மூடவில்லை. ஒரு பெரிய அலை குறுக்கே எழுந்தது. அது அடங்கும்போது அவர் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் அதை எறிந்ததை நான் பார்க்கவில்லை.

ஆவணி பிறந்தது. அழைக்காமல் பெண் தானாக வர முடியாது. வந்தால் அவள் வீட்டுக்குக் கௌரவக் குறைச்சல். அழைக்க வேண்டியது நாங்கள். அம்மா கேட்டாள்.

"களையெடுப்பு ஆயிடட்டும்," என்றார் அப்பா.

களையெடுப்பு ஆனது. "குறுவ அறுப்பு வருது, ஆள் கெடைக்காது."

அறுப்பும் ஆனது. மஞ்சள் பூத்த நாற்றை நட்ட வயலும் மற்ற வயல்களைப் போலவே விளைச்சல் கண்டது. "தாளடி நடவு தலைக்கு மேல நிக்குது, இப்ப எங்க போறது?"

விவசாயம் பார்க்கிற வீட்டில் ஒரு வேலையைத் தள்ளிப்போட நினைப்பவனுக்குக் காரணம் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றும் உண்மையான காரணமாகவும் இருக்கும்.

மாமா ஒரு ஆளை அனுப்பினார். அந்த ஆள் மோர் குடித்துவிட்டு, "பாத்துட்டு வரச் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார். அடுத்த முறை வந்தபோது தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அம்மாவுக்குத் தையில் தம்பி பிறந்தான். நல்லபடியாகத்தான் பிறந்தான். அதையும் அத்தை கல்லைக் கடலில் போட்ட கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

சித்தியை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். வேலை நிமித்தமாக வல்லம் பக்கம் போனபோது விசாரித்துக்கொண்டு போனேன். அண்ணன் வீட்டின் பின்கட்டில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் கொட்டைப் பால் பட்டுக் கறுத்திருந்தன. முடி நரைத்து, செம்பட்டை எங்கோ ஓரத்தில் மட்டும் மிச்சம்.

"பாப்பாவா? அடேயப்பா, என்ன மாதிரி இருக்க! கண்ணாடி வேற போட்டுட்ட." பிறகு வரிசையாக விசாரித்தாள். அம்மா, தம்பி, மாடுகள். அத்தையைக்கூட. சித்தப்பாவை விசாரிக்கவில்லை.

நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்: "ஏம் பாப்பா, ஒங்கத்தை அந்தக் கல்லுல முடி இருக்குன்னாங்களே. ஒன் வயசுல நீ பாத்திருக்க மாட்ட."

"பாத்தேன் சித்தி. இருந்துச்சு."

"நெஜமாவா?"

"தண்ணில போட்டாத் தெரியும். செம்பட்டையா, ஒரு கொத்து."

சித்தியின் கையில் கொட்டையும் கத்தியும் அப்படியே நின்றன.

"நான் இத்தன வருஷமா அவங்க இட்டுக் கட்டினதுன்னே நெனச்சிருந்தேன்," என்றாள். "அண்ணனும் அப்படித்தான் சொல்லும்." கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அவங்க நம்பித்தான் செஞ்சாங்களா?" என்றாள்.

அத்தை நம்பினாள் என்று சொன்னேன். அது உண்மை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அத்தைக்குக் கண்ணால் பார்த்த முடி இருந்தது; முடி கல்லுக்குள் போக வேறு வழி அவளுக்குத் தெரியாது. சித்தி கேட்ட 'அவங்க'வில் அப்பாவும் இருந்தார்; அது இன்னொரு கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஒரு பொட்டலம் முந்திரி மடித்துக் கொடுத்தாள்.

பாகப் பிரிவினை நடக்கவே இல்லை. சித்தப்பா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஊரோடு வந்து இருக்கவில்லை. வடக்கிலேயே எங்கோ காவல் வேலையில் இருந்து அங்கேயே இறந்தார். பெரிய வாய்க்கால் ஓரத்து நிலம் இப்போது தம்பி பேரில் இருக்கிறது. என்னைப் படிக்க வைத்ததும் அதில் விளைந்ததுதான்.

செய்வினையை நம்பிய அத்தை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. நம்பாத அப்பா மேல்தான். குவாரிக்குப் போய் வந்ததை அவர் ஏன் அன்று சொல்லவில்லை? மறந்திருக்கலாம். அக்காவை எதிர்த்துப் பேசத் தயங்கியிருக்கலாம். வாய்க்கால் ஓரத்து நிலத்தை நினைத்திருக்கலாம். அவர் உயிரோடு இருந்தவரை நான் கேட்கவில்லை. அம்மாவிடம் ஒரு முறை கேட்டேன். "ஒங்கப்பாவுக்கு எவ்வளவோ வேல இருந்துச்சு அப்ப," என்றாள்.

கல் கிடைத்த அந்த வருஷம் ஐப்பசியில், தீபாவளிக்குச் சித்தப்பா லீவில் வந்தார். வழக்கமாகத் தஞ்சாவூரில் ரயிலை விட்டு இறங்கித் தனியாகத்தான் பஸ் ஏறி வருவார்; வல்லத்துக்கும் அங்கேதான் பஸ் ஏற வேண்டும். யாரும் எதிர்கொள்ளப் போனதில்லை. அந்த முறை அப்பா தாளடி நடவைப் பாதியில் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் ஸ்டேஷனுக்குப் போய் அவரை அழைத்து வந்தார்.